யாருடைய உரிமை? – ஒரு கலைக்களஞ்சிய வரியைத் திருத்திய கதை

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 1979 முதல் 1982 வரை இங்கே வரலாறு படித்தவன். படிப்பு முடிந்ததும் ஊரில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "வரலாறு படிச்சவனுக்கு மில்லு ஊர்ல என்னப்பா வேலை?" மில்லிலேயே வேலை கிடைத்தது. முப்பது வருடத்துக்கு மேல் பஞ்சு கொள்முதல் பார்த்தேன். கையில் எடுத்து இழுத்துப் பார்த்தால் இழை நீளம் சொல்வேன். படித்த வரலாறு பெட்டிக்குள் போய்விட்டது.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். அதற்குக் காரணம் தமிழ் விக்கிப்பீடியா. மாணவர்களுக்குத் தெரியும், என் வயதுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். அது இணையத்தில் இருக்கும் கலைக்களஞ்சியம். 2003-ல் தொடங்கியது. இன்று ஒன்றரை இலட்சம் கட்டுரைகளுக்கு மேல் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், சம்பளம் கிடையாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஓர் உரையாடல் பக்கம் உண்டு. நீங்கள் எழுதியது தவறு என்று எவரும் அங்கே வந்து கேட்கலாம். யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பதும் அழியாமல் பதிவாகியிருக்கும்.

கலைக்களஞ்சியம் என்றதும் நம் நூலகத்தில் இருந்த தடித்த தொகுதிகள் ஞாபகம் வரும். அந்தத் தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கும் நம் கொங்கு மண்ணுக்கும் நெருங்கிய உறவு உண்டு. நம் கோவை அவினாசிலிங்கம் செட்டியார் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். அதன் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியராக இருந்தவர் ஈரோடு பக்கம் பிறந்த பெரியசாமித் தூரன். நம் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர்தான். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வந்தன. ஒரு வரி தவறாக அச்சாகிவிட்டால் திருத்துவதற்கு அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க வேண்டிய காலம் அது. இப்போது தவறு செய்வதும் எளிது, திருத்துவதும் எளிது. நான் இரண்டையும் செய்தேன். அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். 1861-ல் அமெரிக்கத் தென்மாநிலங்கள் பிரிந்து போய் ஒரு தனி நாட்டை அறிவித்தன அல்லவா, அந்தக் கூட்டமைப்பு பற்றிய பகுதி. பஞ்சுக்காரனுக்கு அதில் ஈர்ப்பு வருவது இயற்கை, ஏனென்றால் அது பருத்தி நாடு. பழைய நினைவை வைத்துக்கொண்டு முதல் வரி எழுதினேன்: "மாநில உரிமைகளைக் காப்பதற்காகத் தென்மாநிலங்கள் பிரிந்து சென்றன." எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் அந்த வரியின் முடிவில் 'சான்று தேவை' என்று ஒரு குறிப்பு தொங்கியது. உரையாடல் பக்கத்தில் ஒருவர் கேட்டிருந்தார்: "ஐயா, எந்த உரிமை? யாருடைய உரிமை? பிரிந்து போன மாநிலங்கள் அன்றைக்கே எழுதி வைத்த காரணத்தைப் பார்த்தீர்களா?" அவ்வளவுதான். திட்டவில்லை, வரியை அழிக்கவும் இல்லை. அவர் திருப்பூர் பக்கத்துக் கல்லூரி மாணவர், இரண்டாம் ஆண்டு படிக்கிறார் என்பது பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குச் சுருக்கென்று இருந்தது. வரலாறு படித்தவனிடமே சான்றா?

சரி, காட்டிவிடுவோம் என்று தேடினேன். தேடத் தேட நான் எழுதியது நிற்கவில்லை.

முதலில் பிரிந்தது தென் கரோலினா, 1860 டிசம்பர் 20-ல். தென் கரோலினா, மிசிசிப்பி, ஜார்ஜியா, டெக்சாஸ் ஆகிய நான்கு மாநிலங்கள் ஏன் பிரிகிறோம் என்று தனி அறிக்கையே வெளியிட்டன. நான்கிலும் அடிமை முறைதான் பேச்சு. மிசிசிப்பி தொடக்கத்திலேயே தன் நிலை முழுக்க அடிமை முறையோடு பிணைந்தது என்று சொல்லிவிடுகிறது. தென் கரோலினாவின் குறை என்ன தெரியுமா? தப்பி ஓடிய அடிமைகளை வடமாநிலங்கள் பிடித்துத் திருப்பித் தருவதில்லை, 1850-ல் மத்திய அரசு போட்ட சட்டத்தை மீறித் தங்கள் சொந்தச் சட்டம் போடுகின்றன என்பது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இங்கே மாநில உரிமையைப் பயன்படுத்தியது வடக்கு. அதைக் குறை சொன்னது தெற்கு!

1861 பிப்ரவரியில் மான்ட்கோமரி நகரில் கூட்டமைப்பு உருவானது. மார்ச்சில் அரசியலமைப்பு எழுதினார்கள். கறுப்பர்களை அடிமைச் சொத்தாக வைத்திருக்கும் உரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் இயற்றக்கூடாது என்று அதில் நேரடியாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதே மாதம் 21-ம் தேதி சவானா நகரில் துணைக் குடியரசுத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் பேசினார். கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை, அடிமை நிலைதான் அவர்களுக்கு இயல்பு, அந்தக் கருத்தே எங்கள் அரசின் மூலைக்கல் என்றார். 11 மாநிலங்கள் சேர்ந்தபோது மக்கள் தொகை சுமார் 91 இலட்சம். அதில் ஏறத்தாழ 35 இலட்சம் பேர் அடிமைகள். பத்துப் பேரில் நாலு பேர். "தென்மாநில மக்கள் பிரிந்தார்கள்" என்று எழுதும்போது இந்த நாலு பேரை யாரும் கேட்கவில்லை என்பதை நானும் மறந்திருந்தேன்.

அப்படியானால் மாநில உரிமை என்ற கதை எங்கிருந்து வந்தது? அதில் பெரும்பகுதி போர் முடிந்த பிறகு வந்தது. தோற்றபின் அதே ஸ்டீவன்ஸ் 1868-ல் முதல் பாகம் வெளியிட்ட நூலில், சண்டை அரசியலமைப்பைப் பற்றியது என்றார். குடியரசுத் தலைவராக இருந்த ஜெபர்சன் டேவிஸ் 1881-ல் இரண்டு பாகம் எழுதி, அடிமை முறை காரணமே இல்லை என்று சாதித்தார். பிறகு வாரிசுகள் சங்கம் வைத்தார்கள், சிலை வைத்தார்கள், பள்ளிப் பாடநூல்களையும் தங்கள் பக்கம் திருப்பினார்கள். கூட்டமைப்பின் போர்க்கொடி தென் கரோலினா சட்டமன்ற வளாகத்திலிருந்து இறங்க 2015 ஆக வேண்டியிருந்தது.

கலைக்களஞ்சியம் எழுதுகிறவனுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒருவர் ஒரு காரியத்தைச் செய்யும்போது சொன்ன காரணமும், தோற்றபின் சொன்ன காரணமும் வேறுபட்டால், இரண்டையும் தேதியோடு எழுத வேண்டும். தேதி போட்டாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

நடுநிலை என்றால் எதிர்த்தரப்பை வெள்ளையடிப்பதும் கிடையாது. அதையும் எழுதினேன். டெலவேர், மேரிலாண்ட், கென்டக்கி, மிசௌரி ஆகிய நான்கு மாநிலங்கள் அடிமை முறையை வைத்துக்கொண்டே வடக்கோடு இருந்தன. லிங்கன் 1861-ல் பதவி ஏற்றபோது, அடிமை முறை இருக்கும் மாநிலங்களில் அதில் கை வைக்கமாட்டேன் என்றுதான் சொன்னார். விடுதலை அறிவிப்பு 1863 ஜனவரி 1-ல்தான் வந்தது. தெற்கு எதற்காகப் பிரிந்தது என்பது ஒரு கேள்வி, வடக்கு எதற்காகப் போரிட்டது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒரே வரியில் போட்டுக் குழப்பியது என் தவறு.

என் வரியை நானே அழித்து, அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்தன என்று சான்றோடு எழுதினேன். அந்தத் தம்பிக்கு நன்றியும் எழுதினேன்.

அவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இன்று இங்கே பேச வந்திருக்கமாட்டேன்.

அந்தத் தவறு எனக்கு ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்று யோசித்தேன். 'மாநில உரிமை' என்ற சொல் தமிழ்க் காதுக்கு இனிக்கும் சொல். 1974-ல் நம் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் போட்டது. அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். நல்ல சொல் ஒன்று கிடைத்ததும், அதற்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் வாங்கிவிட்டேன். பஞ்சுப் பொதியை வெளிச்சாக்கை மட்டும் பார்த்து வாங்கினால் மில்லில் என்னை வைத்திருப்பார்களா?

அடுத்து நம் ஊர்ப் பக்கம் வந்தேன். அமெரிக்கப் பருத்திக்கும் கோவைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1840-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்தே பருத்திப் பயிர் தெரிந்தவர்களைத் தருவித்தது. அவர்களில் சிலர் சென்னை மாகாணத்துக்கு வந்தார்கள். ராபர்ட் வைட் என்ற தாவரவியல் அறிஞர் 1842 முதல் பத்தாண்டுக்கு மேல் கோவையில் இருந்து அமெரிக்கப் பருத்திச் சோதனைப் பண்ணைகளை நடத்தினார். நம் மண்ணில் அன்று விளைந்தது உப்பமும் நாடனும். போருக்கு முன் இங்கிலாந்தின் ஆலைகள் வாங்கிய பஞ்சில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அந்த அடிமை உழைப்பில் விளைந்தது. 1861-ல் போர் வந்து துறைமுகங்கள் அடைபட்டதும் இந்தியப் பஞ்சுக்கு விலை ஏறியது. அதே சமயத்தில், 1862-ல், சென்னையிலிருந்து பேப்பூர் வரையான இரயில் பாதை போத்தனூர் வழியாக முழுமையடைந்தது. 1865-ல் போர் முடிந்ததும் விலை விழுந்தது. முதல் நூற்பாலை இங்கே வந்தது 1888-ல், ஸ்டேன்ஸ் காலத்தில். இதையெல்லாம் உற்சாகமாக எழுதினேன்.

பிறகு ஒரு கேள்வி. அங்கே பருத்தி எடுத்தது யார் என்று எழுதிவிட்டோம். இங்கே எடுத்தது யார்?

நான் அவிநாசிப் பக்கம் தோட்டங்காட்டுக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் தாத்தா தோட்டத்தில் பண்ணையாட்கள் இருந்தார்கள். அருந்ததியர் குடும்பங்கள். அப்பன் மாட்டுக்கு, மகன் ஆட்டுக்கு. தோட்ட வேளாண்மை பற்றிய அந்தப் பகுதியில் நான் எழுதிய வரி இது: "பண்ணையாட்கள் குடும்பத்தில் ஒருவரைப் போலவே நடத்தப்பட்டனர்."

எழுதிவிட்டுப் பொத்தானை அழுத்தப் போன கை நின்றது. இந்த வரியை நான் எங்கேயோ படித்திருக்கிறேன். போன மாதம்தான் படித்தேன். போருக்குப் பின் தென்மாநிலத்துப் பழைய எசமானர் வீட்டுக்காரர்கள் எழுதிய நினைவுகளில், எங்கள் அடிமைகள் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி என்று திரும்பத் திரும்ப வரும். அதற்குச் சான்று எங்கே என்று கேட்டுத்தான் நான் அதைச் சேர்க்காமல் விட்டிருந்தேன்.

ஊருக்குப் போனேன். பழைய மரப்பெட்டியில் தாத்தாவின் கணக்கு நோட்டு இருந்தது. ஒரு பெயர், வாங்கின பணம், வருடக் கடைசியில் மிச்சம். அடுத்த வருடம் அதே பெயர், மிச்சம் கூடியிருக்கிறது. இப்படியே பல பக்கம். ஒரு பக்கத்தில் அந்தப் பெயரை அடித்துவிட்டு மகன் பெயர் எழுதியிருக்கிறது. மிச்சம் அப்படியே அந்தப் பெயருக்கு மாறியிருக்கிறது.

அந்த மகனுடைய மகன் இன்று திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளர். அவரைப் பார்த்து நான் எழுதிய வரியைப் படித்துக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "எங்கப்பாரு ஒருக்கா வேற தோட்டத்துக்குப் போறேன்னு கேட்டாருங்க. கடனைக் கட்டிப்போட்டுப் போன்னுட்டாங்களாமுங்க. குடும்பத்துல ஒருத்தரு வெளிய போறதுக்குப் பணம் கட்டோணுமுங்களா?"

எனக்குப் பதில் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அடிமை முறையும் நம் பண்ணையமும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே மனிதனைச் சந்தையில் விற்றார்கள், தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து விற்றார்கள், சட்டமே அதைக் காத்தது. இங்கே 1843-ம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தோடு அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பது நின்றது. 1862-ல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் அடிமையாக விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. ஆனால் கடனும் சாதியும் சேர்ந்து கட்டிய கட்டை அந்தச் சட்டங்கள் அவிழ்க்கவில்லை. 1976-ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. நாடு முழுவதும் வழக்கத்தில் இருந்த கட்டாய உழைப்பு முறைகளின் பெயர்களை அதன் இரண்டாம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் படியாள், பண்ணையாள் என்ற நம் சொற்களும் இருக்கின்றன. ஆங்கில எழுத்தில் அச்சாகியிருந்த அந்தச் சொல்லைப் பார்த்தபோது, எங்கள் வீட்டுச் சொல் சட்டப் புத்தகத்தில் இருக்கிறதே என்று சற்று நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டு நோட்டைக் கலைக்களஞ்சியத்தில் சான்றாகப் போட முடியாது. வெளியான நூலோ ஆவணமோ வேண்டும், அது விதி. நல்ல விதிதான், இல்லாவிட்டால் ஆளாளுக்கு வீட்டுப் பெட்டியைத் திறந்து எழுதிவிடுவோம். எனவே 'குடும்பத்தில் ஒருவர்' என்ற வரியை எடுத்துவிட்டு, சட்டத்தைச் சான்றாகக் காட்டி, பண்ணையாள் முறை கடனால் பிணைக்கப்பட்ட கட்டாய உழைப்பு முறையாகச் சட்டத்தில் குறிக்கப்பட்டது என்று எழுதினேன். உணர்ச்சி இல்லாத வரி. சரியான வரி.

என் பங்காளி ஒருவர் அதைப் படித்துவிட்டுப் போன் செய்தார். "ஏனுங்ணா, இதையெல்லாம் எதுக்கு இப்பக் கிளறோணும்? நம்ம தாத்தன் நல்லவருதானுங்களே?" நல்லவர்தான். எனக்குக் கதை சொல்லித் தூங்க வைத்தவர். கலைக்களஞ்சியத்தில் தாத்தாவின் பெயரே இல்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்று அங்கே யாரும் தீர்ப்பு எழுதவில்லை. ஒரு முறை இருந்தது, அது இப்படி நடந்தது என்று மட்டும் இருக்கிறது. அவருக்கு இன்னும் என் மேல் வருத்தம். போன மாதக் கலியாணத்தில் என்னிடம் பேசவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1873-ல் மராட்டியத்தில் ஜோதிராவ் பூலே 'குலாம்கிரி' என்ற நூலை எழுதினார். தலைப்புக்கு அடிமைத்தனம் என்று பொருள். அமெரிக்காவில் அடிமை ஒழிப்புக்கு உழைத்தவர்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். போர் முடிந்து எட்டே வருடத்தில் அவர் அங்கே பார்த்ததையும் இங்கே இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடல் கடந்த அநியாயத்தைக் கண்டிப்பதற்குப் பெரிய துணிச்சல் வேண்டாம். அதே அளவுகோலை நம் தோட்டத்து வரப்பில் வைத்துப் பார்க்கும்போதுதான் கை நடுங்குகிறது. எனக்கு நடுங்கியது.

மாணவச் செல்வங்களுக்கு இரண்டு வார்த்தை. உங்கள் பையிலிருக்கும் போனிலேயே இந்த வேலையைச் செய்யலாம். உங்கள் ஊர்க் குளம், உங்கள் ஊர்ப் பள்ளி, உங்கள் பாட்டி செய்த தொழில், எதைப் பற்றியும் எழுதுங்கள். எழுதும்போது யாராவது சான்று கேட்டால் கோபப்படாதீர்கள்; என்னைத் திருத்தியது உங்கள் வயதுத் தம்பிதான். அடுத்தவர் எழுதிய வரியில் எதைக் கேட்பீர்களோ, அதையே உங்கள் வீட்டைப் பற்றி எழுதும் வரியிலும் கேளுங்கள். யார் சொன்னது? எப்போது சொன்னது? அந்த வரியில் வாய் திறக்காமல் நிற்பவர் யார்?

என் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் இன்னும் பழைய கணக்கு நோட்டுகள் இருக்கும். கரையான் தின்பதற்கு முன் எடுத்துப் பாருங்கள். பழைய காகிதக் கடைக்குப் போட வேண்டாம். ஆய்வாளர் யாரிடமாவது கொடுங்கள். அவர்கள் நூலாக எழுதினால் நாளை அதுவே சான்றாகும். எங்கள் தாத்தாவின் நோட்டை நான் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். அந்தத் திருப்பூர்க்காரரிடம் அதைக் காட்டினேன். தன் தாத்தா பெயரை எழுத்தில் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. போனில் படம் எடுத்துக்கொண்டார்.

பந்திக்கு நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.